வலைவழியும் களவழியும்: பொதுநல அமைப்புகளின் தொடர்பியல்

ஈட்டத்தைப் பங்கிட்டுக்கொள்ளும் நோக்கமின்றி, பொதுநலன் ஒன்றையே குறிக்கோளாகக் கொண்டு, விரும்பி வருவோரின் உழைப்பாலும் கொடையாலும் இயங்குவது பொதுநல அமைப்பு எனப்படும். வணிக நிறுவனத்திற்கு வாங்குவோர் உளர். அரசுக்குக் குடிமக்கள் உளர். இவ்வமைப்புக்கு இருப்போர் ஆர்வலர் மட்டுமே. வாங்குவோர் தாம் கொடுத்த பொருளுக்கு ஈடாகப் பண்டம் பெறுவர்; குடிமக்கள் சட்டத்தால் கட்டுண்டவர்; ஆர்வலரோ எந்நாளிலும் எழுந்து போகும் உரிமை உடையவர். ஆதலின் அவரை அறிதல், அழைத்தல், செயலில் அமர்த்தல், மீண்டும் வரச்செய்தல் ஆகிய நான்கும் எவ்வாறு நிகழ்கின்றன என்று ஆராய்வது தனியோர் அறிவுத்துறையாக வளர்ந்துள்ளது. அளவையும் ஆய்வும் நெறியும் உடைய அத்துறையை, அதற்குரிய சொற்களைத் தமிழிலேயே வகுத்துக்கொண்டு தமிழிலேயே விளக்க இயலும். இக்கட்டுரை அம்முயற்சியில் ஒன்று.

ஆர்வலரை அமைப்போடு பிணைக்கும் தொடர்பு, அது நிகழும் இடத்தைக் கொண்டு இருவகைப்படும். திரையின் ஊடாக, ஒருவரை ஒருவர் காணாமலே நிகழ்வது வலைவழித் தொடர்பு. ஓரிடத்தில், ஒரே பொழுதில், உடன் நின்று நிகழ்வது களவழித் தொடர்பு. மின்னஞ்சல், முகநூல், புலனம் எனப்படும் வாட்சாப், கொடை பெறும் இணையப்பக்கம், செயலி முதலியன முன்னதன் கருவிகள். வீடுதோறும் சென்று பேசுதல், தெருமுனைக் கூட்டம், குருதிக்கொடை நாள், மரநடுகை, இயற்கை நடை முதலியன பின்னதன் கருவிகள். தொலைபேசி உரையாடல் இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது. அங்கே குரல் உண்டு, முகம் இல்லை. அது எப்பக்கம் சாயும் என்பதைச் சிறிது பின்னர் ஓர் ஆய்வே காட்டும்.

இவ்விரு வழிகளையும் அளந்து வேறுபடுத்த மூன்று அளவைகள் போதும். எத்தனை பேரை எட்டுகிறது என்பது பரப்பு. எட்டப்பட்டவர் எந்த அளவுக்குச் செயலில் இறங்குகிறார் என்பது ஆழம். நிகழ்ந்தது எவ்வளவு செப்பமாக எஞ்சி நிற்கிறது என்பது பதிவு. வலைவழி பரப்பிலும் பதிவிலும் மிக்கது. களவழி ஆழத்தில் மிக்கது, பதிவிலோ மிகவும் மெலிந்தது. மாலைக் கூட்டத்திற்கு வந்தோர் பெயரும் எண்ணும் எழுதிய தாள் மறுநாள் மேசை இழுப்பறைக்குள் போகும். எண்களில் சில படிக்க இயலாக் கையெழுத்தில் இருக்கும். மூன்று திங்கள் கழித்து அத்தாள் எங்கே என்று கேட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பர். நம் சிற்றமைப்புகள் ஆர்வலரை இழக்கும் இடம் பெரும்பாலும் இந்த இழுப்பறையே என்பது என் கணிப்பு.

அளவைகளுக்கு அடுத்து அறியத்தக்கது பிணைப்பின் வலிமை. அமெரிக்கக் குமுகவியல் அறிஞர் மார்க் கிரானோவெட்டர் 1973-ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையில், மாந்தரிடையிலான உறவுகளை வன்பிணைப்பு, மென்பிணைப்பு என இரண்டாகப் பகுத்தார். நெருங்கிய நண்பர் அறிந்தவற்றுள் பெரும்பகுதியை நாமும் முன்பே அறிந்திருப்போம். ஆதலின் புதுச்செய்தி நம்மை வந்தடைவது எப்போதாவது சந்திக்கும் அறிமுகத்தார் வழியாகத்தான் என்று அவர் காட்டினார். இதன் மறுபுறத்தை டக் மெக்காடம் 1986-இல் வெளிப்படுத்தினார். 1964-ஆம் ஆண்டுக் கோடையில், கருப்பின மக்களின் வாக்குரிமைக்காக மிசிசிப்பி மாநிலத்திற்குச் செல்ல ஆயிரத்துக்கும் மேற்பட்ட இளைஞர் விண்ணப்பித்தனர்; அது உயிருக்கு இடர் தரும் பணி. இறுதியில் சென்றவருக்கும் பின்வாங்கியவருக்கும் இடையே கொள்கைப் பற்றில் பெரிய வேறுபாடு இல்லை. செல்வோருள் நெருங்கிய நண்பர் எத்தனை பேர் இருந்தனர் என்பதே இருதிறத்தாரையும் பிரித்தது. செய்தி மென்பிணைப்பில் பரவுகிறது. செயல் வன்பிணைப்பில் பிறக்கிறது. வலைவழி மென்பிணைப்பின் விளைநிலம் என்பதையும், களவழி வன்பிணைப்பை ஆக்கும் இடம் என்பதையும் இங்கே சேர்த்து எண்ணினால், இரண்டையும் இணைக்க வேண்டிய இன்றியமையாமை தானே விளங்கும்.

இதனை மேலும் கூர்மையாக அளந்த ஆய்வுகள் இரண்டு. இரண்டும் தேர்தலைப் பற்றியன. ஒருவர் செயலில் இறங்கினாரா இல்லையா என்பதை வாக்குப்பதிவு ஐயமின்றிக் காட்டிவிடும் ஆதலால் ஆய்வாளர் அதனை நாடினர். முதலாவது, ஆலன் கெர்பர், டொனால்டு கிரீன் ஆகிய இருவரும் நியூ ஹேவன் நகரில் 1998-ஆம் ஆண்டுத் தேர்தலின்போது நிகழ்த்தியது. ஏறத்தாழ 30,000 வாக்காளரைக் குலுக்கல் முறையில் பிரித்து, சிலரை வீட்டு வாயிலில் நேரிற் கண்டனர். சிலருக்கு மடல் விடுத்தனர். சிலரைத் தொலைபேசியில் அழைத்தனர். சிலரைத் தொடாமலே விட்டனர். நேரிற் கண்டது வாக்களிப்பைக் குறிப்பிடத்தக்க அளவு உயர்த்தியது. மடலின் விளைவு மிகச் சிறிது. தொலைபேசி அழைப்பு எவ்வுயர்வையும் தரவில்லை. குரல் இருந்தும் முகம் இல்லாத இடைநிலை எப்பக்கம் சாயும் என்ற வினாவிற்கு இதுவே விடை.

இரண்டாவது, 2010 நவம்பர் 2 அன்று முகநூலில் நிகழ்ந்தது. அமெரிக்காவில் அன்று அத்தளத்திற்கு வந்த 6.1 கோடிப் பேர் அதற்கு உட்பட்டனர். இன்று தேர்தல் நாள் என்னும் செய்தி ஒரு சிறு பிரிவினருக்கு மொட்டையாகக் காட்டப்பட்டது. பெரும்பாலோருக்கு அதே செய்தி, வாக்களித்துவிட்டதாகக் குறித்த நண்பர்களின் முகங்களோடு காட்டப்பட்டது. மற்றொரு சிறு பிரிவினருக்கு எதுவும் காட்டப்படவில்லை. மொட்டைச் செய்தி கண்டவர்க்கும் எதையும் காணாதவர்க்கும் வாக்களிப்பில் வேறுபாடு தோன்றவில்லை. நண்பர் முகம் கண்டவரிடம் மட்டும் விளைவு தோன்றியது; அவ்விளைவு ஒருவரிடமிருந்து மற்றவர்க்குத் தாவியதும் நெருங்கிய நண்பர்களிடையேதான். 2012-இல் நேச்சர் இதழில் வெளிவந்த இவ்வாய்வு, ஏறத்தாழ 3,40,000 வாக்குகள் இதனால் கூடியிருக்கும் என மதிப்பிட்டது. கோடிக்கணக்கானோரை ஒரே நாளில் எட்டிய வலைவழிகூட, களத்தில் முன்பே விளைந்திருந்த உறவின்மீது ஏறிச் சென்றபோதுதான் வேலை செய்தது என்பதே இதன் கருப்பொருள்.

இவற்றிலிருந்து பெறப்படும் நெறி யாது? இருவழிகளையும் அருகருகே நடத்துவது இணைப்பு ஆகாது. வலையில் ஒரு குழு, களத்தில் ஒரு குழு எனப் பிரிந்து, ஒன்றின் ஆர்வலரை மற்றது அறியாமல் நடக்கும் அமைப்புகள் பல. கரும்பின் கணுவிலிருந்தே அடுத்த முளை எழுவது போல, ஒருவர் வலையிலிருந்து களத்திற்கும் களத்திலிருந்து வலைக்கும் கடக்கும் இடத்தில்தான் அமைப்பு வளர்கிறது. அவ்விடத்தைக் கணு என்றே வழங்குவோம். கணுவில் யார் நிற்கிறார், அவர் என்ன சொல்கிறார், எத்தனை நாளுக்குள் சொல்கிறார் என்பனவே இத்துறையின் மைய வினாக்கள்.

கணு செம்மையாக அமைந்த ஒரு முயற்சியைக் கூறவேண்டுமெனில், நான் முதலிற் சுட்டுவது பறவைக் கணக்கெடுப்பையே. அதன் வரலாறு வலைக்கு மிக முந்தியது. அமெரிக்காவில் கிறித்துமசு நாளன்று இரு அணியாகப் பிரிந்து யார் மிகுதியான பறவைகளையும் விலங்குகளையும் சுட்டு வீழ்த்துவது எனப் போட்டியிடும் வழக்கம் இருந்தது. அதற்கு மாற்றாக, சுடாமல் எண்ணுவோம் என்று பறவையியல் அறிஞர் ஃபிராங்க் சாப்மன் தம் இதழ் வாயிலாக அழைத்தார். 1900 திசம்பர் 25 அன்று 25 இடங்களில் 27 பேர் எண்ணினர். அன்று களத்தையும் ஏட்டையும் இணைத்த கணு அஞ்சல் மட்டுமே. 1998-இல் கார்னெல் பறவையியல் ஆய்வகமும் ஆடுபான் கழகமும் வீட்டுத்தோட்டப் பறவைகளை எண்ணி இணையத்தில் பதியும் பெருங்கணக்கெடுப்பைத் தொடங்கின. 2002-இல் ஆண்டு முழுதும் பதியத்தக்க இ-பேர்ட் தளம் தோன்றியது. 2013-இல் அத்தோட்டக் கணக்கெடுப்பு உலகளாவியதாக, இந்தியரும் அதில் சேர்ந்தனர். தமிழ்நாட்டுப் பறவை நோக்கர் 2015 முதல் பொங்கல் விடுமுறையை ஒட்டிய நான்கு நாள்களைத் தமக்கெனக் குறித்துக்கொண்டு பொங்கல் பறவைக் கணக்கெடுப்பை நடத்தி வருகின்றனர். ஊருக்கு வந்த மக்களும், விடுமுறையில் இருக்கும் மாணவரும், நீர் நிறைந்த குளங்களும், வலசை வந்த பறவைகளும் ஒருசேரக் கூடும் பொழுது அது. களவழிக்குரிய நாளைத் தேர்வதில் இதனினும் சிறந்த அறிவைக் காண்டல் அரிது.

அந்நான்கு நாள்களுள் ஒன்றின் விடியலில், ஒரு குளக்கரையில் சிலர் கூடுவதாகக் கொள்வோம். ஒருவர் கழுத்தில் இருகண்ணோக்கி. ஒருவர் கையில் திறன்பேசி. இ-பேர்ட் செயலியில் தொடங்கு என்பதைத் தொட்டதும் பொழுதும் நடந்த தொலைவும் தாமே பதியத் தொடங்குகின்றன. கோரை ஓரத்தில் மடையான் ஏழு, நடுநீரில் முக்குளிப்பான் மூன்று, மின்கம்பியில் கரிச்சான் ஒன்று. கரைக்கு அப்பாலிருந்து விடாமல் ஒரு குரல் எழுகிறது. கற்றுக்குட்டிகள் நூலைப் புரட்டுகின்றனர். ஆடு ஓட்டி வந்த முதியவர் நின்று, "ஆக்காட்டி தம்பி அது. நாம வந்ததைத்தான் ஊருக்குச் சொல்லுது" என்று கூறிப் போகிறார். செயலியில் ஆள்காட்டி இரண்டு என ஏறுகிறது. வானில் உழவாரக் குருவிகள் எண்ண விடாமல் சுழல்கின்றன. எண்ண இயலாவிடில் எண்ணுக்கு மாற்றாக எக்ஸ் என இடலாம், இருந்தது என்பதற்கு அதுவே போதும். பதினைந்து மணித்துளி கழிந்தபின் பட்டியலை முடிக்கும்போது செயலி ஒரு வினா எழுப்புகிறது: அடையாளம் கண்ட பறவைகள் அனைத்தையும் பதிந்துவிட்டீர்களா?

எளிய அவ்வினாவில் ஓர் அறிவியல் அடங்கியுள்ளது. ஆம் என்று விடை தந்தால் அது முழுமைப் பட்டியல். அதில் இல்லாத பறவை அங்கே காணப்படவில்லை என்று பொருள்கொள்ளலாம். இருப்பு மட்டுமன்றி இன்மையும் அங்கே தரவாகிறது. ஒரு வட்டாரத்தின் நூறு முழுமைப் பட்டியல்களுள் நாற்பதில் பனங்காடை இருந்தால் அதன் நிகழ்வு நாற்பது விழுக்காடு; ஆண்டுகள் செல்ல அவ்விழுக்காடு சரிந்தால் பறவையும் சரிகிறது என்று கணிக்கலாம். காகத்தையும் மைனாவையும் விட்டுவிட்டு அரிய பறவையை மட்டும் பதிவோரை, ஒவ்வோர் இயற்கை நடையிலும் மூத்தோர் கடிந்துகொள்வது இதனால்தான். செயலி எத்தனை முறை அறிவுறுத்தினும் ஏறாத இந்நெறி, உடன் நடப்பவர் வாயால் ஒருமுறை கேட்டால் ஏறிவிடுகிறது.

இனி இக்கணக்கெடுப்பின் கணுவை நோக்குவோம். ஒவ்வொரு வட்டாரத்திற்கும் ஒவ்வொரு திங்களுக்கும், எப்பறவை எத்தனை வரை இயல்பு என்னும் வரம்பை அவ்வட்டாரம் அறிந்தோர் முன்கூட்டியே வகுத்து வைத்துள்ளனர். வரம்பு மீறிய பதிவைப் பொறி தனியே பிரித்துவிடும். அதற்குமேல் பொறி எதுவும் சொல்லாது. பிரித்த பதிவு ஓர் ஆளிடம் செல்கிறது. அவர் ஊதியம் பெறாத சரிபார்ப்பாளர். அவரே பதிந்தவருக்கு எழுதுகிறார்: படம் உண்டா, காலின் நிறத்தைக் கண்டீர்களா, வேறு எதையேனும் இதுவென மயங்கியிருக்கலாமா? அம்மடலின் தொனியில்தான் யாவும் தங்கியுள்ளது. குற்றஞ்சாட்டும் தொனியில் வந்தால், பள்ளி மாணவி ஒருத்தி செயலியையே நீக்கிவிடுவாள். அடுத்த ஞாயிறு எங்கள் குழு ஏரிக்கு வருகிறது, வாருங்கள், சேர்ந்தே பார்ப்போம் என்று முடிந்தால், வலையில் பிழை செய்தவள் களத்தில் மாணவியாகிறாள். பிழையே அவளை அழைத்து வந்த வாயில் ஆகிறது. பொறி ஐயத்தை எழுப்ப, மாந்தர் உறவைத் தொடங்கும் இப்பகுப்பைப் பிற பொதுநல அமைப்புகளும் கற்கலாம். பலவிடத்தும் இது தலைகீழாகவே உள்ளது: ஐயம் எழுப்பும் சலிப்பூட்டும் வேலையை மாந்தர் செய்கின்றனர்; நன்றி சொல்லும் வேலை பொறிக்கு விடப்படுகிறது.

எண்ணியவர்க்கு விளைவு திரும்பி வருதலும் இம்முயற்சியின் தனிச்சிறப்பு. பல நிறுவனங்கள் இணைந்து 2020-இல் வெளியிட்ட இந்தியப் பறவைகளின் நிலை என்னும் அறிக்கை, 15,500-க்கும் மேற்பட்ட நோக்கர் தந்த ஒரு கோடிக்கு மேற்பட்ட பதிவுகளைக் கொண்டு 867 இனங்களை ஆராய்ந்தது. 2023-ஆம் ஆண்டு அறிக்கையில் நோக்கர் 30,000-க்கும் மேல், பதிவுகள் மூன்று கோடிக்கும் மேல், இனங்கள் 942. காப்பதற்கு முன்னுரிமை மிக்கவை என 178 இனங்கள் குறிக்கப்பட்டன. மயிலும் குயிலும் பெருகியுள்ளன. நம் புன்செய்க் காடுகளில் மின்கம்பிதோறும் நீலச்சிறகு விரித்த பனங்காடையோ 30 விழுக்காட்டுக்கு மேல் குறைந்துள்ளது. அதன் நிலையை உலகச் செம்பட்டியலில் மீள ஆராய வேண்டும் என்று அவ்வறிக்கை பரிந்துரைத்தது. தனி ஒருவரின் குளக்கரைப் பட்டியலால் அறிய இயலாத ஒன்றை, பல்லாயிரவர் பட்டியல் ஒருசேர நின்று கூறிற்று. தாம் தந்தது எங்கே போயிற்று என்பதை அறிந்தவர் மறுமுறையும் தருவர்.

ஒருபக்கம் மட்டும் ஓங்கியதற்கும் எடுத்துக்காட்டு உண்டு. 2014-ஆம் ஆண்டுக் கோடையில் பனிநீரைத் தலையில் கவிழ்த்துக்கொள்ளும் அறைகூவல் உலகைச் சுற்றியது. முகநூலில் மட்டும் 1.7 கோடிக்கு மேற்பட்ட காணொளிகள் ஏறின. இயக்க நரம்பணுச் சிதைவு நோய்க்கான அமெரிக்க அமைப்பு ஏறத்தாழ எட்டே கிழமைகளில் 11.5 கோடி டாலர் பெற்றது. அக்கொடையின் ஒரு பகுதி சென்ற ஆய்வால் 2016-இல் நெக்-1 என்னும் மரபணுவின் பங்கு கண்டறியப்பட்டது. ஆதலின் அதனை வெற்று விளையாட்டு என்று ஒதுக்கல் தகாது. அது பற்றி எரிந்த இடத்தையும் நோக்க வேண்டும்: அந்நோய்க்கு ஆளான பீட் ஃபிரேட்சு என்னும் பாசுடன் பகுதி இளைஞரின் விளையாட்டுத் தோழரும் ஊராரும் அதைக் கையிலெடுத்த பின்னரே அது பெருகிற்று. மேலும் ஒவ்வொருவரும் தம் நண்பரைப் பெயர் சொல்லி அழைக்கும் முறை அதில் இருந்தது. பெயர் சொல்லி அழைத்தவரை மறுத்தல் அரிது. ஆயின் நீரைக் கவிழ்த்துக்கொண்ட கோடிக்கணக்கானோர்க்கு அடுத்து நிற்க ஒரு களம் இல்லை. அடுத்த ஆண்டில் அந்த அலை அதே உயரத்தில் எழவில்லை.

எதிர்த்திசையில் தொடங்கியதற்குச் சென்னைக் கடற்கரையே சான்று. மாணவர் கடலாமைக் காப்பு வலையம் 1988 முதல், பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறும் பருவத்தில், இரவெல்லாம் மணலில் நடந்து, தடம் கண்டு, குழி தேடி, முட்டைகளைக் காப்பகத்திற்கு மாற்றி வருகிறது. நடக்க விரும்பும் பொதுமக்களையும் உடன் அழைத்துச் செல்வர். விளக்கொளி கூடாது, உரத்த பேச்சு கூடாது, ஆமை தென்படும் என்னும் உறுதியும் இல்லை. திரையில் எளிதாகக் காணத்தக்க ஒன்றிற்காகக் கிலோமீட்டர் கணக்கில் மணலில் கால் புதைய நடந்தவர், பின்னர் வலையில் அதுபற்றிப் படிக்கும் ஒவ்வொரு வரியையும் தம்முடையதாகவே படிப்பார். களத்தில் ஊன்றிய பின் வலையில் பேசும் அமைப்புக்கு இந்த ஆக்கம் கிட்டுகிறது.

கணுவை அமைப்போர் கொள்ளவேண்டியவற்றுள் தலையாயது விரைவு. களத்தில் ஒருவர் தந்த பெயரும் எண்ணும் அன்றிரவே ஏட்டில் ஏறவேண்டும். நிகழ்வின் சூடு ஆறுமுன் அவர் பெயரிட்டு ஒரு செய்தி செல்லவேண்டும். அச்செய்தியில் அடுத்து அவர் செய்யத்தக்க சிறுசெயல் ஒன்று நாளோடும் இடத்தோடும் இருத்தல் வேண்டும். கியூஆர் எனப்படும் கட்டக்குறியை வாயிலில் ஒட்டிவைப்பதால் மட்டும் இது நிறைவேறாது. திறன்பேசி இல்லாத முதியவர்க்கும் தட்டச்சத் தயங்கும் உழவர்க்கும் அருகில் நின்று பதிந்து தர ஓர் ஆள் வேண்டும். முன்னர்க் கண்ட ஆடு ஓட்டிய முதியவரைச் செயலியில் எங்கும் காண இயலாது. அவரது அறிவோ பட்டியலில் ஏறியுள்ளது.

நம்பகம் மற்றொன்று. இந்தியாவின் 2023-ஆம் ஆண்டு மின்னிலக்கத் தனியாள் தரவுக் காப்புச் சட்டம், தாளில் எழுதி வாங்கிப் பின்னர்க் கணினியில் ஏற்றிய விவரங்களையும் தன் எல்லைக்குள் கொள்கிறது. எதற்காகப் பெறுகிறோம் என்று சொல்லியே இசைவு பெறவேண்டும். இசைவு தருவது எவ்வளவு எளிதோ அதைத் திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருத்தல் வேண்டும் என்று அது கூறுகிறது. குருதி கொடுக்க வந்தவர் எண்ணை அவர் இசைவின்றி வேறொரு வேண்டுகோளுக்குப் பயன்படுத்துவது இனி நாகரிகக் குறைவு மட்டுமன்று, சட்ட மீறலும் ஆகலாம்.

அளவை பற்றியும் ஒன்று கூற வேண்டும். பின்தொடர்வோர் எண்ணிக்கையை மேடையில் பெருமையாக அறிவிக்கும் வழக்கம் நம் அமைப்புகளிடையே மிகுந்துவிட்டது. அது பரப்பின் அளவை மட்டுமே. அதனை ஆழத்தின் அளவையாகக் காட்டுவது பிழை. வலையில் அறிந்து முதன்முறை களத்திற்கு வந்தோர் எத்தனை பேர், களத்தில் வந்தோருள் இரண்டாம் முறையும் வந்தோர் எத்தனை பேர் என்னும் இரண்டு எண்களையே ஓர் அமைப்பு தன் ஆண்டறிக்கையின் முதற்பக்கத்தில் இட வேண்டும். இடத் தயங்கும் அமைப்பு தன் கணுவைத் தேடிப் பார்க்கட்டும்.

இதனைப் படிப்போர் வரும் பொங்கலையொட்டிய நாள்களில் தம் ஊர்க் குளக்கரைக்கோ, வயல்வெளிக்கோ, மொட்டைமாடிக்கோ சென்று பதினைந்து மணித்துளி பறவைகளை எண்ணிப் பதிய வேண்டுகிறேன். கட்டணம் இல்லை. காகத்தையும் விடாமல் எழுதுங்கள். தெரியாத பறவையைத் தெரியாது என்றே விடுங்கள். சரிபார்ப்பாளர் மடல் வந்தால் சினவாமல் மறுமொழி தாருங்கள். கூடவே பக்கத்து வீட்டுப் பிள்ளைகளில் ஒருவரையேனும் அழைத்துச் செல்லுங்கள்.